அதே மாதிரி இன்னொண்ணு

"கொஞ்சம் நகந்துக்கிறீங்களாம்மா? ஒரு போட்டோ எடுத்துக்கறேன்," என்றான் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றவன்.

நோரீன் துணியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். சாய்மானத்தில் பதித்திருந்த பித்தளைத் தகட்டில் பாதிதான் துலக்கியிருந்தாள். மீதிப் பாதியில் பாலிஷ் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அவன் குனிந்து வாசித்தான். கிளிஃபர்ட் ஹேசல்டன். அதன் கீழே பிறந்த வருடம், இறந்த வருடம். அதற்கும் கீழே சாய்வெழுத்தில்: அங்கேயே இரு. நான் வந்துகொண்டே இருக்கிறேன்.

வாசித்ததும் சிரித்தான். கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்துத் தொலைபேசி போலக் காதில் வைத்துக்கொண்டு, தன்னுடையதல்லாத ஒரு தடித்த குரலில் அந்த வாசகத்தைச் சொன்னான். பிறகு கையை இறக்கிக் கால்வாய்ப் பக்கம் திரும்பி, அங்கே யாரோ நிற்பதைப் போல, "அதே மாதிரி இன்னொண்ணு," என்றான்.

நாயும் கால்வாயைப் பார்த்தது.

தகட்டை வாசித்துச் சிரிப்பவர்கள் நோரீனுக்குப் புதிதல்ல. அவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தாள். "பஸ் டிரைவர் கண்ணு அவரு. ஒரு நாளாவது நேரத்துக்கு வந்திருப்பாரா?"

"பஸ் டிரைவரா? அப்ப இன்னும் பிரமாதம். நான் டிப்பெட்னு மட்டும்தான் நெனச்சேன்."

"யாரு?"

"டிப்பெட்டும்மா. 'எல்லாரும் வந்தாச்சா'. வெள்ளிக்கிழமை வருமே."

அவளுக்குத் தெரியவில்லை என்பது அவனுக்குப் புரிய நேரமானது. பிறகு விளக்கினான். தொண்ணூறுகளில் வந்த குடும்ப நகைச்சுவைத் தொடர். அதில் அப்பா டிப்பெட் வாராவாரம் பப்பில் உட்கார்ந்திருப்பான். பெண்டாட்டி எங்கிருந்தாவது தொலைபேசியில் கூப்பிடுவாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து, ஆஸ்பத்திரியிலிருந்து, ஒரு முறை போலீஸ் நிலையத்திலிருந்து. இவன் இதே வார்த்தையைச் சொல்வான். போனை வைத்ததும் கல்லாவில் நிற்பவன் பக்கம் திரும்பி, அதே மாதிரி இன்னொண்ணு என்று அடுத்த கிளாஸ் கேட்பான். அதைக் கேட்கும்போது நாடே அவனோடு சேர்ந்து சொல்லும்.

"அது எங்க வீட்டுக்காரர் சொன்னது," என்றாள் நோரீன்.

"எல்லாரும்தான் சொன்னோம்," என்றான் அவன்.

குத்தலாகச் சொல்லவில்லை. தன் அப்பா இறந்தபோது கல்லில் இப்படி ஒன்றைப் பொறிக்கத் தங்களுக்குத் தைரியம் வரவில்லை என்றும், இந்தப் படத்தைத் தம்பிக்கு அனுப்பப் போவதாகவும் சொன்னான். நாயை இழுத்துக்கொண்டு மதகுப் பக்கம் போய்விட்டான்.

மீதிப் பாதியை நோரீன் துலக்கவில்லை. டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

நோரீன் வட இங்கிலாந்தின் பர்ன்லிக்காரி. பள்ளியை விட்டதும் தறி ஆலைக்குப் போனவள். ஆலைக்குள் தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவளின் குரல்கூடக் கேட்காது. பெண்கள் உதட்டை அகல அசைத்துப் பேசுவார்கள். பார்த்தே புரிந்துகொள்வார்கள். ஆலை மூடிய பிறகும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. பேருந்தில் உட்கார்ந்துகொண்டு, சாலைக்கு எதிர்ப்புறம் நிற்பவர்கள் பேசுவதைப் படித்துவிடுவாள். பூசையின்போது மூன்று வரிசை தள்ளி யார் யாரைப் பற்றி முணுமுணுத்தார்கள் என்று சொல்வாள். அவளிடம் முகத்துக்கு நேரே பொய் சொல்ல முடியாது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தொலைபேசி மட்டும் அவளுக்கு ஆகாது. வாய் தெரியாத பேச்சை எப்படி நம்புவது என்பாள். ஆனால் வாழ்நாளில் அவள் மிகவும் நம்பிய பேச்சு தொலைபேசியில் கேட்டதுதான்.

ஆலை போன பிறகு கோல்ன் சாலையில் ஒரு மீன், சிப்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். செவ்வாய் முதல் சனி வரை. அதில் வெள்ளிக்கிழமை மாலை என்பது தனி. வெள்ளியன்று இறைச்சி தொடாத கோவில்காரர்களும் மற்றவர்களும் அன்று மீன்தான் தின்பார்கள். வரிசை கடைக்கு வெளியே நடைபாதை வரை நிற்கும். வந்து நிற்பவர்களில் பாதிப் பேர் என்ன வேண்டும் என்று சொல்லக்கூட மாட்டார்கள். போன வாரம் மாதிரியே என்பார்கள். அதே மாதிரி இன்னொண்ணு என்பார்கள். சில பையன்கள் அதைத் தடித்த குரலில் சொல்லிவிட்டுத் தங்களுக்குள் சிரிப்பார்கள். பையன்கள் எதற்கு வேண்டுமானாலும் சிரிப்பார்கள். நோரீன் உப்பும் வினிகரும் போட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள்.

அந்த வருடங்களில் வெள்ளிக்கிழமை மாலைகளில் தொலைக்காட்சியில் என்ன ஓடியது என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் கிளிஃபும் பிள்ளைகள் கெர்ரியும் டீனும் ஏதோ பார்ப்பார்கள் என்பது மட்டும் தெரியும். பதிவு செய்து வைக்கட்டுமா என்று கிளிஃப் ஒரு முறை கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றாள். வீடு திரும்பும்போது தலைமுடி முழுக்க எண்ணெய் நாற்றம். குளித்துவிட்டுப் படுத்தால் போதும் என்றிருக்கும்.

கிளிஃப் பேசாத மனிதர். பணிமனையில் அவருடைய கூட்டாளிகள், கிளிஃப் வாயைத் திறந்தால் கொட்டாவிதான் என்பார்கள். பேருந்தை ஓட்டிக்கொண்டு போனால் முன் இருக்கையில் உட்கார்ந்து புலம்பும் கிழவிகளுக்கு ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். அவர் பேசியது குறைவு என்பதால் பேசியதெல்லாம் நோரீனுக்கு ஞாபகம் இருந்தது. மற்றப் பெண்கள் தங்கள் கணவன்மார் வாங்கிக் கொடுத்த சங்கிலியைக் காட்டுவார்கள். நோரீன் இரண்டு வாக்கியங்களைச் சொல்வாள். ஒன்று, திருமண வெள்ளி விழாவுக்கு மோர்கம் கடற்கரைக்குப் போனபோது, காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது: உன்கிட்ட மட்டும்தான் என்னால வாயத் தொறக்க முடியுது. இன்னொன்று தகட்டில் இருப்பது.

அந்தக் கதையை எங்கள் தெருவில் கேட்காதவர்கள் இல்லை. பனி கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை. கடையில் கூட்டம். நோரீனுக்கு உடம்புக்கு முடியவில்லை. பின்னறையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே தொங்கிய போனில் வீட்டைக் கூப்பிட்டாள். கடைக்காரர் காதில் விழும் என்பதால் அதிகம் சொல்லவில்லை. ஒரு மாதிரியா இருக்கு, வா என்று மட்டும் சொன்னாள். அங்கயே இரு, நான் வந்துக்கிட்டே இருக்கேன் என்றார் கிளிஃப். பின்னால் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்தாள். நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். கிளிஃப் வந்தபோது காலில் வீட்டுக்குள் போடும் கம்பளிச் செருப்பு. அது பனியில் ஊறிக் கறுத்திருந்தது. காரை எடுக்கவே முடியலை, தெரு முழுக்கப் பனி என்றார். அதைச் சொல்லும்போது அவர் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

கதை இங்கே வந்ததும் நோரீன் நிறுத்துவாள். "ஷூ மாட்டக்கூட நிக்கல அந்த மனுஷன்," என்பாள்.

ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று அவள் சொல்வதில்லை. நாற்பத்திரண்டு வயதில், யாரும் எதிர்பாராமல் வயிற்றில் தங்கியது அது. பிள்ளைகளுக்குக்கூட இன்னும் சொல்லியிருக்கவில்லை. கிளிஃபுக்கு மட்டும் தெரியும். எப்போது வந்திருந்தாலும் அது போவதுதான் என்று டாக்டர் சொன்னார். அதை நோரீன் அப்படியே ஏற்றுக்கொண்டாள். அவளிடம் மிச்சம் இருந்தது செருப்பும் அந்த வாக்கியமும்.

கிளிஃப் இறந்து நான்காவது மாதம் கால்வாய்க் கரையில் அவர் நினைவாகப் பெஞ்சு வைத்தோம். தகட்டில் என்ன எழுதுவது என்று நோரீன் யாரையும் கேட்கவில்லை. அன்று அவர் தன்னிடம் சொன்னதை இப்போது தான் அவரிடம் சொல்வதாக நினைத்தாள். தகட்டை மூடியிருந்த துணியை விலக்கியதும் முதலில் டீன் வாசித்தான். ஒரு கணம் அம்மாவைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த பிளாஸ்கைத் தூக்கி, "அதே மாதிரி இன்னொண்ணு," என்றான். எல்லோரும் சிரித்தோம். பாதிரியாரும் சிரித்தார். கெர்ரி சிரித்துக்கொண்டே அழுதாள். தாமதமாக வரும் பேருந்துக்காகச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நோரீனும் சிரித்தாள்.

நாய்க்காரனைப் பார்த்த மறுநாள் ஞாயிறு. ஞாயிறு மதியச் சாப்பாடு கெர்ரி வீட்டில். மருமகன் பையன்களைப் பந்து விளையாட்டுக்குக் கூட்டிப் போயிருந்தான். மாட்டிறைச்சி அடுப்பிலிருந்து இறங்கும் வரை நோரீன் எதுவும் கேட்கவில்லை. தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே, டிப்பெட் யாரு என்றாள்.

கெர்ரி சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"என்னம்மா விளையாடறியா?"

"கேக்கறேன், சொல்லு."

"அந்தத் தகட்டுல நீதானே எழுதச் சொன்ன?"

"உங்கப்பா சொன்னத எழுதச் சொன்னேன்."

கெர்ரி முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "உனக்குத் தெரியும்னுதாம்மா நெனச்சோம். வேணும்னே தமாஷாப் போட்டிருக்கன்னு. அம்மாவுக்கு எவ்ளோ துணிச்சல் பாருன்னு டீன் அன்னைக்கு ஃபுல்லா அதையே சொல்லிக்கிட்டிருந்தான்."

"ஒரு தடவை என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? வீட்ல தினம் சொல்லிக்கிட்டுதானே இருந்தோம்."

அது உண்மை. நோரீன் யோசித்துப் பார்த்தாள். மாடியிலிருந்து டீன் கூப்பிட்டால் கிளிஃப் கீழிருந்து அதைச் சொல்வார். பிள்ளைகள் இன்னொண்ணு என்று கத்துவார்கள். இன்னொரு ரொட்டித் துண்டு கேட்கிறார்கள் என்று அவள் வெண்ணெய் தடவிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அதற்கும் சிரிப்பார்கள்.

தொடர் இப்போது இணையத்தில் வந்திருக்கிறது என்றாள் கெர்ரி. இரண்டு வாரமாக அவளும் கணவனும் பார்த்து வருகிறார்கள். அந்தக் காலத்தில் வயிறு வலிக்கச் சிரித்ததற்கு இப்போதும் சிரிப்பு வருகிறதா என்று பார்ப்பதற்காக. பாதிக்கு வரவில்லை. மூலைக்கடை வைத்திருக்கும் பாகிஸ்தான்காரன் வாயைத் திறந்தாலே சிரிப்பு ஏன் என்று பையன் கேட்டானாம், பதில் சொல்ல முடியவில்லை. மாமியார் குண்டு என்பதைத் தவிர அவளைப் பற்றி வேறு நகைச்சுவையே இல்லை. "ஆனா அப்பாவுக்காகப் பார்த்தேன். அவரு பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு."

"போடு," என்றாள் நோரீன்.

சாப்பாட்டுத் தட்டுகள் அப்படியே இருந்தன. கெர்ரி போட்டாள்.

ஒரு பழுப்பு சோபா. பின்னால் மாடிப்படி. வீட்டில் ஐந்து பேர் இருந்தும் எல்லோரும் சோபாவின் ஒரே பக்கத்தில் முகம் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டாமல் வந்தான். வந்ததற்கே சிரித்தார்கள். டிப்பெட் தரைவிரிப்பு போடும் வேலைக்காரன், வேலை இல்லாதவன். நோரீன் அவனைவிட அவன் பெண்டாட்டியைத்தான் பார்த்தாள். பெயர் மேவிஸ். ஒல்லியானவள். கையில் எப்போதும் ஏதாவது பை இருந்தது. அந்த வாரம் அவள் பெட்டியோடு ரயில் நிலையத்தில் நின்றாள். அவனை விட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போகக் கிளம்பியவள், கடைசி நேரத்தில் பப்புக்கு போன் செய்தாள்.

டிப்பெட் அதைச் சொன்னான்.

அச்சு அசலாக அதேதான். 'வந்துக்கிட்டே' என்பதில் கொஞ்சம் இழுப்பு. கிளிஃபின் இழுப்பு என்று நோரீன் நினைத்திருந்தது அந்த நடிகனுடையது.

அவன் திரும்பி இன்னொரு கிளாஸ் கேட்டான். அரங்கமே சேர்ந்து கத்தியது. கெர்ரியின் உதடும் தன்னையறியாமல் அசைந்ததை நோரீன் பார்த்தாள். அந்தக் கூச்சலுக்கு நடுவே திரை மறுபடியும் ரயில் நிலையத்துக்குப் போனது. மேவிஸ் போனை வைக்காமல் ஏதோ சொன்னாள். சிரிப்புச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

"இன்னொரு தடவை காட்டு," என்றாள் நோரீன்.

"எதை?"

"அவ பேசினத."

"அவ ஒவ்வொரு வாரமும் ஏதோ சொல்லுவாம்மா. யாருக்கும் கேக்காது. அப்பவே எங்களுக்குக் கேக்காது."

கெர்ரி பின்னால் ஓட்டிக் காட்டினாள். நோரீன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, மேவிஸின் வாயைப் பார்த்தாள். தறிக்கு அப்பால் நிற்பவளைப் பார்ப்பது போலத்தான்.

"இல்ல, நீ வர மாட்ட," என்றாள் நோரீன். "அதத்தான் சொல்றா."

கெர்ரிக்கு அது வேடிக்கையாக இருந்தது. இருபத்தைந்து வருடமாக யாருக்கும் தெரியாத வசனத்தை அம்மா கண்டுபிடித்துவிட்டாள் என்று டீனுக்கு உடனே செய்தி அனுப்பப் போனாள். நோரீன் அவள் கையிலிருந்து கைபேசியை மெல்ல வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அடுத்ததைப் போடச் சொன்னாள்.

அடுத்தது கிறிஸ்துமஸ் கதை. அடுப்புக்குள் அடங்காத வான்கோழி, உறைந்த கட்டியாக வந்து சேர்கிறது. அதைக் கரைய வைக்கக் குளியல் தொட்டியில் வெந்நீரில் போட்டிருக்கிறார்கள். டிப்பெட் குளித்தாக வேண்டும். வேறு வழியில்லாமல் தொட்டியில் வான்கோழிக்கு எதிரே உட்கார்ந்து குளிக்கிறான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சும்மா இருக்கிறார்கள். பிறகு அவன் வான்கோழியிடம் மரியாதையாக, சூடு போதுமா என்று கேட்கிறான்.

நோரீன் சிரித்துவிட்டாள். கட்டுப்படுத்த முடியவில்லை. கண்ணில் நீர் வந்தது. அவன் முதுகு தேய்க்கும் தூரிகையை வான்கோழிக்கு நீட்டினான். கெர்ரியும் சிரித்தாள். இதுக்கு இன்னும் சிரிப்பு வருதும்மா என்றாள். நோரீன் தலையாட்டிக்கொண்டே மூக்கைத் துடைத்தாள்.

டிப்பெட் நெருங்கி உட்கார்ந்தான். வான்கோழியின் முதுகில் கை வைத்தான்.

"உன்கிட்ட மட்டும்தான் என்னால வாயத் தொறக்க முடியுது," என்றான்.

அரங்கம் கைதட்டியது. நோரீன் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. நிறுத்தச் சொன்னாள். கெர்ரி நிறுத்தினாள். வான்கோழி திரையிலேயே நின்றது.

மோர்கம் கடற்கரையில் அன்று காற்று பலமாக இருந்தது. தொப்பியைப் பிடித்துக்கொண்டு, வாயை அவள் காதருகே கொண்டுவந்து சொன்னார் கிளிஃப். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அப்பாவும் இதைச் சொல்லியிருக்கிறார் என்று அவள் சொன்னபோது, எல்லாரும் சொல்றதுதானேம்மா, இதுல என்ன இருக்கு என்றாள் கெர்ரி. அம்மாவைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கிளிஃபுக்கு அந்தத் தொடர்மேல் எவ்வளவு உயிர் என்று சொல்லத் தொடங்கினாள். வேறு எதற்கும் சிரிக்காத மனிதர் வெள்ளிக்கிழமை மட்டும் சத்தமாகச் சிரிப்பார். விளம்பர இடைவேளையில்கூட எழுந்திருக்க மாட்டார். ஒரு முறை நீயே நடுவில் போன் செய்தாய், ஞாபகமிருக்கிறதா என்றாள்.

"எப்ப?"

"பனி கொட்டுச்சே, அன்னைக்கு. நீ செருப்புக் கதை சொல்லுவியே. அன்னைக்குத்தான். அப்பா போனை எடுத்து அப்படியே அந்த வசனத்தை எடுத்து விட்டாரு. டிவியில அவன் சொல்லி அப்பத்தான் முடிச்சிருக்கான். நானும் டீனும் தாங்க முடியாம கத்தினோம். அப்பாவுக்கும் சிரிப்பு. வாயில வெரல வச்சு உஷ்ஷுன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் உக்காந்தாரு."

"உக்காந்தாரா?"

"முடியறதுக்குக் கொஞ்சம்தாம்மா இருந்துச்சு. முடிஞ்சதும் ஓடிட்டாரு. செருப்போட. அது நெஜம்தான்."

நோரீன் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பொய் எதுவும் இல்லை.

"கார் பனியில மாட்டிக்கிச்சா?" என்று கேட்டாள்.

"கார் எங்க மாட்டுச்சு? டீன்தான் கண்ணாடியில இருந்த பனியச் சுரண்டி விட்டான். போயிட்டாரு."

தட்டில் குழம்பு உறைந்திருந்தது. நோரீன் கரண்டியின் ஓரத்தால் அதைத் தள்ளினாள். மறுபடி தள்ளினாள். கேட்கக் கூடாது என்று கெர்ரிக்குத் தெரியவில்லை. என்னம்மா ஆச்சு என்று கேட்டாள். வெறும் கால் மணி நேரத்துக்கா என்று கேட்டாள்.

"கெர்ரி, அன்னைக்கு உனக்குத் தம்பியோ தங்கச்சியோ ஒண்ணு போச்சு."

தெருவில் யாரோ காரைப் பின்னால் எடுத்தார்கள்.

"எங்களுக்குத் தெரியாதும்மா," என்றாள் கெர்ரி.

"உங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்."

கெர்ரி அழுதாள். டாக்டர் சொன்னதை நோரீன் அவளிடம் சொன்னாள். முன்னால் வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. தானும் போனில் சரியாகச் சொல்லவில்லை, கடையில் ஆள் நிறைய என்றாள். கிளிஃபுக்காக அவள் எடுத்துவைத்த நியாயங்கள் எல்லாமே சரியானவை. சொல்லச் சொல்ல அவளுக்கே அவற்றில் அலுப்பு வந்தது. அவர் தாமதித்ததைக்கூட அவளால் ஒரு பக்கம் வைக்க முடிந்தது. அவரிடம் சொந்தமாக ஒரு வார்த்தைகூட இருக்கவில்லையா என்பதைத்தான் வைக்க முடியவில்லை. வாங்கி வந்த வார்த்தை. அதையும் வீடு முழுக்க, ஊர் முழுக்கப் பங்கு போட்ட பிறகு அவளுக்குக் கொடுத்த வார்த்தை. அவள் ஒருத்திதான் அதை மெய் என்று எடுத்துக்கொண்டு பித்தளையில் வெட்டி வைத்தாள். மேவிஸுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

கெர்ரி மேசையைத் துடைத்தாள். மிச்ச இறைச்சியைப் பொதிந்து அம்மாவின் பையில் வைத்தாள். கிளம்பும்போது, வேறு எதுவும் பேசத் தெரியாமல், தொடர் எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டாள்.

நோரீன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"நல்லாத்தான் எடுத்திருக்காங்க," என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் தூறல். நோரீன் கிளிஃபின் கருவிப்பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு கால்வாய்க்குப் போனாள். தகட்டின் ஒரு பாதி பளபளப்பாகவும் மறுபாதி வெள்ளையாகவும் இருந்தது. திருகாணிகளில் ஒன்று மட்டும் இறுகியிருந்தது, மற்றவை எளிதாக வந்தன. தகட்டைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டாள். கெர்ரி போன் செய்தாள். வீட்டிலேயே இரு, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன், வந்துகொண்டே என்று ஆரம்பித்து நிறுத்தினாள். வேண்டாம், நான் வெளியே கிளம்பிட்டேன் என்றாள் நோரீன். பேருந்து நிலையத்துக்கு நடந்து போய் ஸ்கிப்டன் பேருந்தில் ஏறினாள். திங்கட்கிழமை அங்கே சந்தை. கொஞ்சம் பாலாடைக்கட்டியும் ஒரு ஜோடி கையுறையும் வாங்கினாள். ஒரு கடையில் தேநீர் குடித்தாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது வாசலில் கெர்ரி வைத்துவிட்டுப் போன பூக்கள் இருந்தன. அவற்றைத் தண்ணீரில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை இறைச்சியைச் சூடாக்கிச் சாப்பிட்டாள். கால்வாய்ப் பெஞ்சில் அன்று மதியம் இரண்டு பேர் உட்கார்ந்து ரொட்டி தின்றதைப் பார்த்தோம். சாய்மானத்தில் நான்கு துளைகள் இருந்தன.